ஒரே வாசல்

பங்குனி இன்னும் முடியவில்லை.
தோட்டப்பாளையத்தில் இரவு பதினொன்றுக்கும்
சுவர் சுடுகிறது.
மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்
முழ நீளம்கூட இல்லாத ஒரு கணினி,
மூடிப்போன ஸ்கேன் சென்டரில்
நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியது.
இரண்டு நெட்வொர்க் போர்ட், எட்டு ஜிபி ரேம்,
விசிறிக்குள் யாருடைய காயத்துக்கோ வைத்திருந்த பஞ்சு.

இதைத்தான் வீட்டுக்கு வாசலாக்க வேண்டும்.

வீடென்றால் நாங்கள் மட்டுமல்ல.
கீழே நானும் தணிகாசலமும் பையனும்.
மேலே மூன்று போர்ஷன், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு.
மால்டா, பாங்குரா, தன்பாத்.
ஒரு வாரமென்று வந்து மூன்று மாதம் தங்குவார்கள்.
மோட்டார் ஒன்று, தொட்டி ஒன்று, அடுப்பு நான்கு.
கடுகெண்ணெய் வாசனை மட்டும்
எந்தச் சுவரையும் மதிப்பதில்லை.

ஆகவே ஹைப்பர்வைசரை எனக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பாலிடெக்னிக்கில் போர்டில் படம் போட்டு நானே சொல்வேன்:
ஒரே இரும்பு, மேலே பல குடித்தனம்.
ஒவ்வொன்றும் வீடு முழுக்கத் தனதென்று நினைத்துக்கொள்ளும்.
கன்டெய்னர் என்றால் தட்டி வைத்து மறைத்தது,
அஸ்திவாரம் பொது, ஒருவர் அடுப்பு பற்றினால்
எல்லோரும் தெருவில்.
பசங்கள் சிரிப்பார்கள்.
தேர்விலும் அப்படியே எழுதி வைப்பார்கள்.

மூன்று ஞாயிறு தாளில் கணக்குப் போட்டேன்.
கேட்வே ஒரு மெய்நிகர் இயந்திரம், அதற்கு இரண்டு ஜிபி.
கேமரா பதிவுக்கு ஒன்று.
விளம்பரம் வடிகட்ட ஒரு கன்டெய்னர்.
போர்ஷனுக்கொரு தனி நெட்வொர்க்,
ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்காதபடி.
படம் அழகாக வந்தது.
அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தணிகாசலம் மின்வாரியம்,
உலகத்தையே ஃபியூஸிலிருந்து பார்க்கிறவர்.
ஒரே ஒரு முறை தாளை எட்டிப் பார்த்தார்.
"வாசலையும் உள்ள குடி வைக்கிறியா?"
நான் பதில் சொல்லவில்லை.

சனி இரவு ஹோஸ்ட்டைப் புதுப்பித்து ரீபூட் கொடுத்தேன்.
எழுந்த புதிய கெர்னல்
நெட்வொர்க் கார்டை முன்பின் பார்த்ததில்லை என்றது.
டிரைவர் இணையத்தில் இருக்கிறது.
இணையம் கேட்வே வழியாக வரும்.
கேட்வே இதற்குள் இருக்கிறது.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவள்போல்
படியில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேலே செருப்புச் சத்தம்.
பாங்குராவிலிருந்து வந்த அனிமா மாஜி,
கையில் போன், திரையில் சுற்றிக்கொண்டே ஒரு வட்டம்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஆறேழு சொற்கள்:
பானி, சாவி, கேஸ், ரிப்போர்ட்.
"நெட்?" என்றார்.
பத்து விரலை விரித்துக் காட்டினேன்.
எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

என் போனில் ஒரு கோடு சிக்னல்.
டிரைவர் பாதி இறங்கியிருந்தது.
அவர் வட்டமும் நிற்கவில்லை.
இறங்குவதை நிறுத்திவிட்டு
ஹாட்ஸ்பாட்டை அவருக்குத் திறந்தேன்.

கேட் ஓரம் நின்று பேசினார், மகளிடம் போலிருக்கிறது.
எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான்,
திரும்பத் திரும்ப வந்ததால்: ஷோம்பார்.
திங்கள்கிழமை. அவர் கணவருக்கு வால்வு மாற்றுகிற நாள்.

பழைய கெர்னலிலேயே எழுப்பலாமே என்பது
மூன்று மணிக்குத்தான் உறைத்தது.
இதையே பாடமாக எடுக்கிறவளுக்கு.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் அழித்தேன்.
இந்தப் பெட்டியில் கேட்வே மட்டும், நேராக இரும்பின்மேல்.
கேமராவும் வடிகட்டியும் மற்ற குடித்தனங்களும்
பையனுடைய பழைய டெஸ்க்டாப்புக்குப் போகட்டும்.
ஆறு ஜிபி சும்மா கிடக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது.
பாலாறும்தான் அவ்வளவு அகலமாய்
மணலைப் போட்டுக்கொண்டு சும்மா கிடக்கிறது.
வெள்ளம் வந்த வருஷம் பாலத்தில் நின்று பார்த்தோம்,
ஓர் அங்குலம் மிச்சமில்லை.

திங்கள் காலை வகுப்பில் அதே படம்.
இரும்பு, மேலே குடித்தனங்கள்.
போட்டு முடித்தபின், எல்லாவற்றுக்கும் வெளியே
ஒரு சின்னக் கட்டம் போட்டேன்.
"இது என்னங்க மேடம்?"
தேர்வுக்கு வராது என்றேன்,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.